விரல் ஏன் வளைகிறது: வெங்கி ராமகிருஷ்ணனின் 'ஜீன் மெஷின்' நூலை முன்வைத்து

2009 அக்டோபரில் வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட சில நாட்களில் வெங்கி ராமகிருஷ்ணன் எரிச்சலோடு ஒரு பேட்டி கொடுத்தார். இந்தியாவிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் மின்னஞ்சல் அனுப்பிப் பெட்டியை அடைத்துவிட்டார்கள், அவற்றை அழிக்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிறது என்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனக்குப் பாடம் நடத்தியதாக ஒருவர் சொல்லிக்கொண்டதையும் குறிப்பிட்டார். வெங்கி சிதம்பரத்தில் பிறந்தவர்தான். ஆனால் மூன்று வயதிலேயே குடும்பத்தோடு பரோடாவுக்குப் போய்விட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததே இல்லை. பேட்டி வெளியானதும் பலருக்கு அது தலைக்கனமாகத் தெரிந்தது. அவரும் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது. அத்தனை மின்னஞ்சல்களில், "ஐயா, ரைபோசோம் என்றால் என்ன?" என்று கேட்டு எத்தனை வந்திருக்கும்?

2018-இல் அவர் எழுதிய 'ஜீன் மெஷின்' ஒரு வகையில் அந்தக் கேட்கப்படாத கேள்விக்கான பதில். ரைபோசோம் என்பது நம் உடலின் செல்களில் இருக்கிற புரதத் தொழிற்சாலை. மரபணுவின் நகலை வாசித்து, அதன்படி அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. அதன் அமைப்பை அணு அளவில் கண்டுபிடிக்க நான்கு குழுக்கள் ஓடிய ஓட்டம்தான் இந்த நூல்.

இந்த நூலைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தமிழில் நாம் அறிவியலை எழுதும் விதத்தில் என்ன குறை என்பதை இது சுலபமாகக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது, அதே குறை நம்முடைய தோட்டப்புறக் கதைகளிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை இதுவரை யாரும் ஒன்றாக வைத்துப் பேசி நான் வாசித்ததில்லை.

1

வெங்கி தன்னை மேதையாகக் காட்டிக்கொள்வதில்லை. ஐஐடியில் இடம் கிடைக்கவில்லை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. பரோடாவில் இயற்பியல் இளங்கலை, அமெரிக்காவில் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டம். பட்டம் வாங்கியதும் இயற்பியல் தனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்து, சான் டியேகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படிக்கிறார். பிறகு ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கு வேலை கேட்டு விண்ணப்பம் போடுகிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை தேடி அலைந்த எந்தப் பட்டதாரிக்கும் இந்தப் பக்கங்கள் நெஞ்சில் நிற்கும்.

நூலின் பலம் அதற்கு அடுத்த பகுதி. ரைபோசோமைப் படிகமாக்க வேண்டும். படிகம் கிடைத்தாலும் எக்ஸ்ரே கதிர் பட்டதும் அது சிதைந்துவிடுகிறது. அதனால் திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைக்க வேண்டும். கதிரை உருவாக்கும் சிங்க்ரோட்ரான் இயந்திரம் உலகில் சில இடங்களில்தான் இருக்கிறது; அங்கே நேரம் வாங்கக் காத்திருக்க வேண்டும். எதிர்க் குழு ஒரு கருத்தரங்கில் தங்கள் படிகம் முந்திவிட்டது என்று காட்டும்போது வெங்கிக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதை எல்லாம் அவர் மறைப்பதில்லை. பொறாமை, பயம், பரிசு மீதான ஆசை எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எல்லோரும் நம்ப மறுத்த காலத்தில், 1980-களின் தொடக்கத்திலேயே ரைபோசோமைப் படிகமாக்கிய அடா யோனாத்தைப் பற்றி எழுதும்போது அவருடைய மரியாதையும் தெரிகிறது, போட்டியாளரின் கூர்மையும் தெரிகிறது. அந்தக் கூர்மை சில இடங்களில் தேவைக்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். 2000-ஆம் ஆண்டில் மூன்று குழுக்களும் சில வார இடைவெளியில் தங்கள் கட்டுரைகளை வெளியிடுகின்றன. நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க முடியாது என்பதால் பீட்டர் மூரும் ஹாரி நோலரும் வெளியே நிற்கிறார்கள். அந்த அநியாயத்தையும் வெங்கி சொல்லாமல் விடவில்லை.

இந்த நூலில் கதாநாயகன் யார் என்று கேட்டால் நான் படிகம் என்றுதான் சொல்வேன். படிகம் வளர மறுப்பதும், உடைவதும், கடைசியில் ஒழுங்காக ஒளிப்புள்ளிகளைத் தருவதும்தான் கதையை நகர்த்துகின்றன. மனிதர்கள் அதைச் சுற்றி ஓடுகிறார்கள்.

2

தமிழில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மனிதரைக் கொண்டாடுகிறோம், அவர் செய்த வேலையை விட்டுவிடுகிறோம்.

நல்ல முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பெ.நா. அப்புஸ்வாமி பல பத்தாண்டுகள் பொறுமையாக எழுதினார். சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' வழியாக ஒரு தலைமுறைக்கே அறிவியலைக் கேலியும் கிண்டலுமாகப் பேசக் கற்றுக்கொடுத்தார். நானும் அதைப் படித்து வளர்ந்தவன்தான். ஆனால் கேள்வி பதில் வடிவத்தில் பதில் மட்டும்தான் கிடைக்கும். அந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள், வழியில் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்பது கிடைக்காது. சுஜாதாவுக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய ஆர்வத்தை விட்டுவிட்டார்கள். இப்போது வாட்சப்பில் சுற்றுவது முழுக்கப் பெருமைதான்: "உங்களுக்குத் தெரியுமா, இதைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர்!"

ஜி.என். ராமச்சந்திரனை எடுத்துக்கொள்ளலாம். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். அவரைப் பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: நோபல் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார்கள். ஏமாற்றினார்களோ இல்லையோ, அவர் செய்தது அதைவிடச் சுவாரசியமானது.

கொலாஜன் நம் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது அதுதான். அதன் அமைப்பு 1950-களின் தொடக்கத்தில் தெரியாது. சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால் அதைச் சொல்லித் தூண்டிவிட்டதாகச் சொல்வார்கள். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்த கங்காரு வால் தசைநாணில் எக்ஸ்ரே பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். 1954-இல் நேச்சர் இதழில் வந்தது அவர்கள் கட்டுரை: கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. மறு ஆண்டு அதைத் திருத்தினார்கள். மூன்று இழைகளும் கயிறு திரிப்பது மாதிரி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு இழையிலும் மூன்றில் ஓர் இடத்தில் இருப்பதிலேயே மிகச் சின்ன அமினோ அமிலமான கிளைசின் வந்தே ஆக வேண்டும். வேறு எது வந்தாலும் கயிறு முறுக்கேறாது.

உடனே கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு. அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றை ஒன்று இடிக்கிற அளவு நெருக்கமாக இருக்கின்றன என்றார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் சொன்ன இடத்தில் ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். 1994-இல் கொலாஜனைப் போன்ற ஒரு பெப்டைடின் படிகத்தைப் பார்த்தபோது, மூவிழைச் சுருள் சரி, பிணைப்புக் கணக்கில் கேம்பிரிட்ஜ் தரப்பு சரி என்று தெரிந்தது.

நம் பெருமைக் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். ஆனால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பு வந்ததும் சென்னைக் குழு, "அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?" என்பதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டது. தெரிந்த படிக அமைப்புகளை எல்லாம் அலசி, குறைந்தபட்ச தூரங்களைத் தொகுத்தது. அதிலிருந்து ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பவே முடியாது என்று ஒரு வரைபடம் போட்டது. 1963-இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட அந்த ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்று உலகத்தில் ஒரு புரத அமைப்பையும் சரிபார்ப்பதில்லை. வெங்கியின் ரைபோசோம் புரதங்களும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கும். ஒருவர் போட்ட சண்டையை இன்னொருவர் கருவியாக மாற்றிய கதை இது. இதைவிட நல்ல கதை எந்த நாவலில் இருக்கிறது? அதை எழுதாமல் "நோபல் தரல" என்று முடித்துவிடுகிறோம். கர்த்தா, ராமகிருஷ்ணன், சசிசேகரன் பெயர்களைக்கூடச் சொல்வதில்லை.

3

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் கெடாவில் எழுதப்பட்ட, எங்களைப் பற்றி எழுதப்பட்ட தோட்டக் கதைகளில் அடிக்கடி ஓர் உருவம் வரும். வயதான பால்வெட்டுத் தொழிலாளி. விரல்கள் வளைந்து, மூட்டுகள் புடைத்து, கிளாஸைப் பிடிக்க முடியாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார். விரல் வளைந்தது வாசகருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த உடம்பைத் தோட்டம் உறிஞ்சிவிட்டது. உழைப்பின் சின்னம். நாமும் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவோம்.

என் பெரியம்மா பீடோங் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். ஐம்பது வயதுக்கு முன்பே இரண்டு கை விரல்களும் ஒரே நேரத்தில் வீங்க ஆரம்பித்தன. காலையில் பத்து மணி வரை கை மடங்காது, சட்டை பொத்தான் போட முடியாது. சுற்றி இருந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: "பால் வெட்டுன கை, அப்படித்தான் இருக்கும்." எண்ணெய் தேய்த்தார்கள். வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் சரியான மருத்துவரைப் பார்த்தபோது நான்கு வருடம் போயிருந்தது. அது முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரத்துக்கு ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை ஆரம்பித்த பிறகு வீக்கம் வற்றியது. ஆனால் அதற்குள் வளைந்த விரல் வளைந்ததுதான். இந்த நோயில் மூட்டு அரிப்பு முதல் ஒன்றிரண்டு வருடங்களிலேயே தொடங்கிவிடும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் தடுக்க முடியும்.

தேய்மானத்தால் வரும் மூட்டுவலி வேறு. அது முழங்காலில், விரல் நுனி மூட்டில் வரும். வேலை செய்யச் செய்யக் கூடும். முடக்குவாதம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும், விரலின் அடி மூட்டையும் நடு மூட்டையும் பிடிக்கும், ஓய்வெடுத்து எழும்போதுதான் அதிகம் இறுகும். உடம்பின் நோய் எதிர்ப்புப் படை சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதால் வருவது. பால் கத்தி பிடித்த கைக்கும் வரும், பேனா பிடித்த கைக்கும் வரும். தோட்ட முதலாளியின் மனைவிக்கும் வரலாம்.

அப்படியானால் அந்தக் கதைகளின் வளைந்த விரல் சின்னமாக மட்டுமே இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூசன் சொண்டாக் தன் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த காலத்தில் எழுதிய, 1978-இல் வெளிவந்த நூலில் இதைத்தான் வாதாடினார். நோயை உருவகமாக்கினால் நோயாளி மருத்துவரிடம் போவது தள்ளிப்போகும். அவர் காசநோயையும் புற்றுநோயையும் வைத்துச் சொன்னது எங்கள் லயத்தில் மூட்டுக்கும் பொருந்துகிறது. வளைந்த விரல் உழைப்பின் அடையாளம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு அதற்கு மருந்து தேட யாருக்குத் தோன்றும்? நம் மொழியும் ஒத்தாசை செய்கிறது. 'முடக்குவாதம்' என்ற சொல்லிலேயே காரணம் இருக்கிறது: வாதம், காற்று. "பச்சத்தண்ணியில கைய வைக்காத" என்று முடிந்துவிடும்.

4

இந்த இரண்டு கதைகளும், சென்னையின் கொலாஜனும் பெரியம்மாவின் விரலும், உண்மையில் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

1977-இல் அமெரிக்காவில் டிரெந்தம், டவுன்ஸ், காங் என்ற மூன்று ஆய்வாளர்கள் குருத்தெலும்பிலிருந்து எடுத்த இரண்டாம் வகை கொலாஜனை எண்ணெய்க் கலவையில் கலந்து எலிகளுக்கு ஊசி போட்டார்கள். ஏறக்குறைய நாற்பது விழுக்காடு எலிகளுக்கு மூட்டு வீங்கியது. தோலில் இருக்கும் முதல் வகை கொலாஜன் அப்படிச் செய்யவில்லை. சூடாக்கிச் சுருளை அவிழ்த்த கொலாஜனும் செய்யவில்லை. ராமச்சந்திரன் சொன்ன அந்த முறுக்கு அப்படியே இருந்தால்தான் நோய் வருகிறது. மனிதரின் முடக்குவாதம் முழுக்க கொலாஜனால் என்று சொல்லிவிட முடியாது. வேறு பல புரதங்களும் தாக்கப்படுகின்றன. ஆனால் அந்த எலிகள் வழியாகத்தான் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன. 1992-இல் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தைத் தடுத்து நோயாளிகளின் மூட்டு வீக்கத்தைக் குறைத்துக் காட்டியதற்கும் இந்த எலிகள் வழி போட்டன.

1997-இல் ஹார்வர்டில் டான் வைலியின் குழு இன்னொரு படம் எடுத்தது. (ஹார்வர்ட் என்றால் எங்க ஊர்ல பீடோங்கில் இருக்கிற தோட்டம்தான் முதலில் ஞாபகம் வரும். இது மற்றது.) முடக்குவாதத்தோடு தொடர்புடைய எச்எல்ஏ-டிஆர்4 என்ற புரதத்தின் பள்ளத்தில் கொலாஜனின் ஒரு சின்னத் துண்டு உட்கார்ந்திருப்பதை எக்ஸ்ரே படிகவியல் காட்டியது. நோய் எதிர்ப்பு செல்லுக்கு, "இதோ பார், எதிரி" என்று உடம்பு தன்னையே நீட்டிக் காட்டும் இடம் அது. பெரியம்மாவின் விரல் ஏன் வளைந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நெருக்கமான ஒரு படம் இல்லை.

நான் கூலிமில் வேலை செய்யும் இடத்தில் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது. சிப்புக்கு அடியில் ஈயம் சரியாக உருகிப் பிடித்திருக்கிறதா, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்போம். அது நிழல் படம், பார்த்ததும் தெரிந்துவிடும். வைலியும் வெங்கியும் ராமச்சந்திரனும் பார்த்தது நிழல் இல்லை. வெறும் புள்ளிகள். புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு, யூகித்து, தப்பாகிப் போய், மறுபடி யூகித்துத்தான் உருவத்துக்கு வர வேண்டும். அந்த யூகத்தின் கதையைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் அறிவியலை ஜோசியம் மாதிரிச் சொல்கிறோம் என்று அர்த்தம்.

5

வெங்கியின் நூலில் எனக்கு ஒரு குறை உண்டு. அது பரிசை நோக்கி ஓடுகிறது. பரிசு கிடைத்ததும் மூச்சு விட்டுவிடுகிறது. ஆனால் அவருக்குப் பரிசு கிடைத்த அதே 2009-இல், ஏப்ரல் மாதம், ஸ்டான்ஃபோர்டில் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்ரே லேசர் முதன்முறை ஒளிர்ந்தது. ஃபெம்டோ விநாடிக் கணக்கில் துடிக்கும் கதிர். ஒரு விநாடியை ஆயிரம் ஆயிரமாக ஐந்து முறை வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ விநாடி. கதிர் அவ்வளவு சீக்கிரம் வந்துபோவதால், படிகம் சிதைவதற்கு முன்பே புள்ளிகள் பதிவாகிவிடும். வெங்கி பயந்து பயந்து உறைய வைத்த படிகத்தை இங்கே உறைய வைக்கத் தேவையில்லை. அறை வெப்பத்தில், மூலக்கூறு அசையும்போதே பிடிக்கலாம். ஜெர்மனியில் 2017-இல் திறந்த ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் 3.4 கிலோமீட்டர் நீளம், விநாடிக்கு 27,000 துடிப்பு வரை தரும்.

இந்த இயந்திரங்களில் வேலை செய்து வெளியாகும் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் மட்டுமே பல பத்து இருக்கும். கதிரைச் சீராக்கியவர், படிகத் துளிகளைப் பாய்ச்சும் குழாயைச் செய்தவர், லட்சக்கணக்கான படங்களைப் பிரிக்க மென்பொருள் எழுதியவர். இதில் யாரைப் பிடித்து "தமிழர்!" என்று கைதட்டுவது? ஒற்றை மேதையைச் சுற்றி எழுதிப் பழகிய நம் உரைநடை இங்கே வேலைக்காகாது. வெங்கியின் வடிவமும்கூட, நான்கு குழுவுக்கு இடையிலான ஓட்டப்பந்தயம், இதற்குப் போதாது.

தோட்டக் கதைக்கும் இதேதான் சொல்வேன். நோய்க்கும் உழைப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மலேசியாவிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் சேர்ந்து செய்தது, 2016-இல் வெளிவந்தது. வேலை செய்யும் இடத்தில் துணித் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டார்கள். நுரையீரலில் படியும் தூசி எதிர்ப்புப் படையைக் கிளப்பிவிடலாம் என்பது விளக்கம்.

யோசித்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு விடிகாலை தொழிற்சாலை பஸ் ஏறிப் பிறைக்கும் பினாங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் போன எத்தனை பெண்கள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார்கள்! அவர்களுடைய விரலைப் பற்றி ஒரு கதை எழுதலாம். அதில் விரல் சின்னமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தூசி எங்கிருந்து வந்தது, முகமூடி ஏன் கொடுக்கவில்லை, மூன்று ஷிப்டில் மருத்துவரைப் பார்க்க எந்த நேரம் மிஞ்சியது, கிளினிக்கில் வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்டது எத்தனை தடவை என்பதெல்லாம் காரணங்கள். காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினால் கோபம் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு நேர் எதிராகத்தான் தோன்றுகிறது. சின்னத்தைப் பார்த்தால் பெருமூச்சுதான் வரும். காரணம் தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

'ஜீன் மெஷின்' ஆங்கிலம் எளிமையானது. எஸ்பிஎம் உயிரியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும், தாண்டிவிடலாம். படிப்பவர்கள் அதன் நோபல் அத்தியாயங்களில் அதிகம் தங்காமல், படிகம் உடையும் பக்கங்களில் நேரம் எடுத்துக்கொண்டால் நல்லது. ஒரு வேலையை அது நடந்த வரிசையில், தோல்விகளோடு, உடன் உழைத்தவர்களின் பெயர்களோடு எழுதுவது எப்படி என்று அங்கே இருக்கிறது. நம் கட்டுரையாளர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கதாசிரியர்களும்தான். துணித் தூசியையும் மூட்டையும் பற்றி யாராவது தமிழில் எழுதினால் என் பெரியம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.